சீதம் நோயா?

கேள்வி: மலப் பரிசோதனை அறிக்கையில் 'மியூகஸ் உள்ளது' என்று எழுதியிருந்தார்கள். குடலில் தேங்கிய சளியை முழுவதுமாக வெளியேற்றிவிட வேண்டும் என்று உறவினர்கள் பேதி மருந்து எடுக்கச் சொல்கிறார்கள். மருத்துவரோ, குடலில் அழற்சி வராமல் காப்பதே அந்தச் சளிதான் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மருத்துவர் சொல்வதே சரி. மலத்தோடு போகும் சளியைச் சீதம் என்கிறோம். சீதபேதி என்று நோயோடு சேர்த்தே அச்சொல்லைக் கேட்டுப் பழகிவிட்டதால், அது ஏதோ தேங்கிய கழிவு என்ற எண்ணம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. உள்ளே இருக்கும்வரை அதை யாரும் பார்ப்பதில்லை அல்லவா?

நீண்ட காலம் ஆய்வாளர்களும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. குடல் திசுவைப் பதப்படுத்த வழக்கமாகப் பயன்படும் ஃபார்மலின் கரைசலில் சளிப்படலம் சுருங்கிக் குலைந்துவிடும். நுண்ணோக்கியின் கீழ் வெறும் சுவர்தான் தெரியும். நீர் கலவாத கார்னாய் கரைசலில் பதப்படுத்தினால்தான் படலம் அப்படியே நிற்கும். அவ்வாறு பார்த்து, சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் குன்னர் ஹான்சன் குழுவினர் 2008-இல் சுண்டெலியின் பெருங்குடல் சளி இரண்டு அடுக்குகளாக இருப்பதைக் காட்டினர். சுவரோடு ஒட்டிய உள்ளடுக்கு அடர்த்தியானது, அதில் பாக்டீரியா இல்லை. அதற்கு மேலே உள்ள தளர்ந்த அடுக்கில்தான் அவை குடியிருக்கின்றன. மனிதரின் பெருங்குடலிலும் அமைப்பு இதேதான். சிறுகுடலில் உணவுச்சத்து உறிஞ்சப்பட வேண்டியிருப்பதால், அங்கே ஒட்டாத ஒற்றை அடுக்கு மட்டுமே உண்டு.

இந்தச் சளியைச் சுரப்பவை, சுவரில் இடையிடையே அமைந்த கோப்பை வடிவச் செல்கள். இதன் முதன்மைப் பொருளான மியூசின்-2 என்ற புரதத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதில் கிளைத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளே. செல்லுக்குள் இறுக மடிந்து கிடக்கும் அது, வெளியே வந்ததும் நீரை ஏற்று நூறு மடங்குக்கும் மேல் உப்பி, பாக்டீரியா நுழைய முடியாத நெருக்கமான வலையாக விரிகிறது. இவ்வளவு காவலும் தேவைப்படுவதற்குக் காரணம், பாக்டீரியா சளிக்கு அப்பால் இருக்கும்வரை நமக்கு உதவியாக இருப்பதும், சுவரைத் தொட்டுவிட்டால் அதே பாக்டீரியாவை எதிரியாகக் கண்டு நோயெதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுவதும்தான். அந்தக் கிளர்ச்சியைத்தான் அழற்சி என்கிறோம். மியூசின்-2 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, வேறு தூண்டுதல் எதுவுமின்றியே பெருங்குடல் அழற்சி வந்தது. நாளடைவில் கட்டிகளும் தோன்றின.

பெருங்குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்களும் உண்டாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய் தீவிரமாக உள்ளவர்களிடம் கோப்பைச் செல்கள் குறைந்து, உள்ளடுக்கு மெலிந்து, பாக்டீரியா ஊடுருவுவதைக் காண முடிகிறது. சளி மெலிந்ததால் மட்டுமே நோய் வந்தது என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவது அவசரம் என்பது என் கருத்து. அழற்சியும் தன் பங்குக்கு அந்தச் செல்களைக் காலிசெய்யும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

உணவின் பங்கையும் கேட்பீர்கள். மனிதக் குடல் பாக்டீரியாவைக் குடியேற்றிய சுண்டெலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்தியபோது, இரையில்லாத பாக்டீரியா சளியின் சர்க்கரையையே தின்று படலத்தை மெலியச் செய்தன என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சளியைத் தின்பதே தீமை என்று இதற்குப் பொருளில்லை. சளியையே உண்டு வாழும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா நலமாக உள்ளவர்களின் குடலிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது. தின்னும் வேகம் சுரக்கும் வேகத்தை மிஞ்சும்போதுதான் தொல்லை.

ஆகவே பேதி மருந்து வேண்டாம். சளியைக் கழுவித் தள்ளுவதால் அது கூடியதற்கான காரணம் நீங்காது. வேறு தொந்தரவு இல்லாமல் சிறிதளவு சீதம் தென்படுவது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. அழற்சியே இல்லாமல் வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் தரும் ஐபிஎஸ் என்ற குடல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது போவதுண்டு. ஆனால் சீதத்தோடு இரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி ஆகியவற்றில் எது இருந்தாலும், அல்லது சீதம் வாரக்கணக்கில் தொடர்ந்தாலும், குடல்நோய் மருத்துவரைப் பார்த்து, குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவை மலத்தில் பரிசோதிக்க வேண்டுமா, பெருங்குடலின் உட்புறத்தைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலனோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள்.