ஊருணியில் கிடைத்தது எரிமலைக் கல்லா?

வணக்கம் சார். காரைக்குடிப் பக்கம் ஊருணிக் கரையில் கிடந்த, ஓட்டை ஓட்டையான சிவப்புக் கல் எரிமலைக் கல்லா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தால் அது செம்புறாங்கல். நம் பழைய ஊருணிச் சுவர்களில் நிறையப் பார்த்திருப்பீர்களே! மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்து, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகிய கல்.

சந்தேகம் என்றால் உடைத்துப் பாருங்கள் (கீழே கிடந்ததை மட்டும், சுவரைப் பெயர்க்க வேண்டாம்). உள்ளேயும் சிவப்பும் மஞ்சளுமாக, துளைகள் கோணல்மாணலாக இருக்கும். எரிமலைக்குழம்பு இறுகிய பசால்ட் உள்ளே கருஞ்சாம்பல் நிறம். சட்டென்று குளிர்வதால் படிகங்கள் வளர நேரமில்லை, மணி மணியாகத் தெரியாது. அதன் துளைகள் வாயுக் குமிழிகள். பெரும்பாலும் குழம்பு ஓடிய பக்கமாக நீண்டிருக்கும்.

அசலைப் பார்க்க மகாராஷ்டிரம் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு அங்கே அடுக்கடுக்காக நிற்கிறது. இரண்டு அடுக்குக்கு நடுவே சிவப்பு மண் பட்டை தெரிந்தால், எரிமலை கொஞ்ச காலம் ஓய்ந்திருந்தது என்று அர்த்தம். எனக்கு அதைவிட வியப்பு, கல்லுக்குள் இருக்கும் காந்தம்தான். குளிரும்போது இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பதிந்துகொள்ளும். அதை அளந்துதான், அந்தக் குழம்பு வழிந்தபோது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்று கண்டுபிடித்தார்கள்.