இரவில் கலந்து வைத்த அன்னாசித் தயிர் காலையில் ஏன் கசக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 சதவீதம் என்று வந்ததிலிருந்து காலை உணவை மாற்றிவிட்டேன். ஒரு கோப்பை மாம்பழத் துண்டுகள், அரைக் கோப்பை அன்னாசி, ஒரு வாழைப்பழம் ஆகியவற்றின் மேல் மூன்று நான்கு கரண்டித் தயிரும் இரண்டு தேக்கரண்டித் தேனும் விட்டுச் சாப்பிடுகிறேன். இரவே கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் நீர் விட்டுக் கசக்கிறது. கெட்டுவிட்டதா? பதினொரு மணிக்கே பசியும் வந்துவிடுகிறது. பழத்தையும் தயிரையும் சேர்ப்பதே தவறு என்கிறார் தோழி. சிறுநீரகப் பாதிப்புள்ள என் தந்தைக்கும் இதையே தருகிறேன். அவர் கிண்ணத்தில் நட்சத்திரப்பழமும் வெட்டிப் போடுவதுண்டு. தைராய்டு மாத்திரை போட்டவுடன் நான் இதைச் சாப்பிடலாமா?

பதில்: உங்கள் தந்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கலாம், அது காத்திருக்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்புள்ளவர் நட்சத்திரப்பழத்தில் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. அந்தப் பழத்தில் சிறுநீரகத்துக்குக் கேடான ஆக்சலேட் என்ற உப்பு மிகுதி என்பதோடு, கேரம்பாக்ஸின் என்ற நரம்பு நச்சும் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். நன்றாக இயங்கும் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாமல் போகும்போது நச்சு இரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்குகிறது. முதல் அறிகுறி பெரும்பாலும் நிற்காத விக்கல்தான். வாந்தி, மனக் குழப்பம், வலிப்பு ஆகியவை பின்னால் வரலாம், உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. அந்தப் பழத்தைச் சாப்பிட்ட பின் அவருக்கு விக்கல் தொடர்ந்தால் தண்ணீர் கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழுதடைந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தையும் சரியாக வெளியேற்ற முடியாது என்பதால் வாழைப்பழமும் அவருக்கு யோசித்தே தர வேண்டியது: 100 கிராமில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, அதே அளவு அன்னாசியில் 110 மில்லிகிராம்தான். தயிரில் உள்ள பாஸ்பரஸும் கணக்கில் வர வேண்டும் என்பதால், அவருடைய கிண்ணத்தை அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து அவர் மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

இனி கசப்பு. உங்கள் தயிர் கெட்டுப்போகவில்லை. அன்னாசி அதைச் செரித்துக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை. வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, அதன் வேலையே புரதத்தை வெட்டுவது. தயிரின் கெட்டித் தன்மைக்குக் காரணமான கேசின் புரதத்தை அது இரவு முழுவதும் சிறு சிறு துணுக்குகளாக்குகிறது; அந்தத் துணுக்குகளில் சில நாக்குக்குக் கசப்பானவை, தயிரின் நீரைப் பிடித்துவைத்திருந்த புரத வலை அறுந்ததால் பிடிப்பில்லாமல் போன நீர் தனியே பிரிகிறது. நானே இதை வீட்டில் இரண்டு கிண்ணங்களில் செய்து பார்த்தேன். ஒன்றில் வேகவைக்காத அன்னாசித் துண்டுகள், மற்றதில் மூன்று நிமிடம் கொதிநீரில் வேகவைத்து ஆறவிட்ட துண்டுகள். காலையில் முதல் கிண்ணத்தில் துண்டுகளைச் சுற்றி மஞ்சள் நீர் குளம்போல் நின்றது, ஒரு கரண்டிக்கு மேல் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டாவது, வைத்தபடியே இருந்தது. சூடு அந்த நொதியை அழித்துவிடுகிறது, குளிர் அழிப்பதில்லை. எனவே டப்பாவில் அடைத்த அன்னாசி கசப்பை உண்டாக்காது, உறையவைத்த அன்னாசி உருகியதும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். பப்பாளியிலும் பப்பைன் என்ற ஒத்த நொதி உண்டு. காயின் பாலில் மிக அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும், ஆனாலும் இரவெல்லாம் தயிரில் ஊறினால் லேசாகக் கசக்கும். தயிரை ஒரு டப்பாவிலும் பழத்தை இன்னொரு டப்பாவிலும் இரவே எடுத்து வைத்து, உண்ணும்போது சேர்த்தால் போதும். நறுக்கிய பழம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இருக்க வேண்டும். சமையலறை மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைச் சாப்பிட வேண்டாம், அப்போதுதான் உண்மையிலேயே கெட்டுப்போகும் அபாயம்.

பழமும் தயிரும் சேர்ந்தால் உடலுக்கு ஆகாது என்பதற்கு மருத்துவ அறிவியலில் ஆதாரம் இல்லை. உங்கள் தோழிக்கு அதைச் சாப்பிட்டதும் வயிறு உப்பியிருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையே காரணமாகும், சேர்க்கை அல்ல. பாலை விடத் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்வதற்குக் காரணம், தயிரிலுள்ள உயிருள்ள நுண்ணுயிர்களே லாக்டோஸை உடைக்க உதவுவதுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இதை ஏற்றுக்கொண்டது.

நான் குறை சொல்வது சேர்க்கையை அல்ல, அளவை. நீங்கள் எழுதியபடி கணக்கிட்டால் மாம்பழத்திலிருந்து சுமார் 22 கிராம், அன்னாசியிலிருந்து 8, வாழைப்பழத்திலிருந்து 14, தேனிலிருந்து 11 அல்லது 12 என்று ஏறத்தாழ 55 கிராம் சர்க்கரை ஒரே கிண்ணத்தில் சேர்கிறது. புரதமோ 7 கிராமைத் தாண்டாது. பதினொரு மணிப் பசிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முழுப் பழத்தின் சர்க்கரையைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது நார்ச்சத்தோடு மெல்லவே இரத்தத்தில் சேர்கிறது. தேன் அப்படியல்ல: உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் அதை வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வரிசையில்தான் வைக்கிறது, நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது. 6.1 என்பது 5.7 முதல் 6.4 வரை உள்ள, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் வருவதால், இனிப்பான பழங்கள் உள்ள கிண்ணத்தில் தேனுக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

கிண்ணத்தைத் தலைகீழாக மாற்றுங்கள்: தயிர் அடியில் நிறைய, பழம் மேலே கொஞ்சம். சர்க்கரை சேர்க்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வடியவிட்டால் 400 கிராம் தயிர் ஏறத்தாழ பாதியாகக் கெட்டிப்படும். அதில் பெரும்பாலும் 12 முதல் 14 கிராம் அளவுக்கும், கடையில் விற்கும் வடிகட்டிய தயிரானால் 200 கிராமில் 18 கிராம் அளவுக்கும் புரதம் கிடைக்கும். அதன் மேல் 100 கிராம் பப்பாளியும் நாலைந்து மாம்பழத் துண்டுகளும் வைத்தால் பழச் சர்க்கரை 15 கிராமில் நிற்கிறது. பத்துப் பாதாமும் ஒரு மேசைக்கரண்டி ஊறவைத்த சியா விதையும் கொழுப்பையும் நாரையும் சேர்த்துப் பசியைத் தள்ளிப்போடும். சியாவைக் காய்ந்தபடி வாயில் போட்டு மேலே தண்ணீர் குடிக்காதீர்கள், உணவுக்குழாயில் உப்பி அடைத்துக்கொண்ட சம்பவம் உண்டு. பழக்கலவைச் சுவையூட்டிய தயிர் டப்பாக்களை வாங்குவதானால் முதலில் பின்புற அட்டவணையைப் படியுங்கள்; பல டப்பாக்களில் பழத்தை விடச் சர்க்கரையே அதிகம்.

தைராய்டு மாத்திரையைத் தயிரோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. தயிரிலுள்ள கால்சியம், தைராய்டு மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் என்ற மருந்தைக் குடலில் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஆகவே வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கி, குறைந்தது 30 நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை எடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இதுவரை தைராய்டு மாத்திரையையும் தயிரையும் ஒன்றாகவே சாப்பிட்டு வந்திருந்தால், இப்போதைய மருந்தளவு அந்தத் தடையையும் உள்ளடக்கியே அமைந்திருக்கக் கூடும். நேரத்தை மாற்றியதும் மருந்து முழுமையாகச் சேரத் தொடங்கி, அதே அளவு உங்களுக்கு அதிகமாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றைக் கவனியுங்கள். மாற்றிய நாளைக் குறித்துவைத்துக்கொண்டு 6 முதல் 8 வாரத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை செய்து முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.