மேல் அறைக் கணக்கு

கேள்வி: வேலைக்கே போகாமல், வீட்டைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து முடித்த ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சொல்வதற்கு அப்படி என்ன இருக்கிறது?

கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. 1999-இல் என்னிடம் கேட்டிருந்தால் நானும் தோளைக் குலுக்கியிருப்பேன்.

2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியில் குழம்பிவிடும் என்று பயந்த ஒய்2கே அவசரத்தில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். வந்து சேர்ந்தது பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கில் நார்தாம்டன் என்ற சிற்றூர். அங்கே ஒரு பழைய வீட்டின் மேல் அறையை வாடகைக்குக் கொடுத்த அம்மாவுக்கு அப்போது 93 வயது. பேரப்பிள்ளைகள் ஜெர்மன் வழக்கப்படி ‘ஓமா’ என்று அழைப்பார்கள். பாட்டி என்று பொருள். நானும் அப்படியே அழைத்தேன். 2004-இல் அவர் இறந்தபோது பத்திரிகையில் வந்த குறிப்பு நாலே வரி: ஆஸ்திரியாவில் பிறந்தவர், மனைவி, தாய், இல்லத்தரசி.

அந்த முதல் தகவலே அரைகுறை. அவர் பிறந்த 1906-இல் அந்தக் கிராமம் ஹங்கேரியில் இருந்தது. வீட்டில் பேசியது ஜெர்மன் வட்டார வழக்கு, பள்ளியில் எழுதப் படித்தது ஹங்கேரிய மொழி. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921-இல், பூர்கன்லாந்து என்று பெயர் சூட்டி அந்தப் பகுதியை ஆஸ்திரியாவோடு சேர்த்தார்கள். 1938-இல் ஹிட்லர் ஆட்சி அந்த மாநிலத்தையே கலைத்தது. 1945-இல் மாநிலம் திரும்ப வந்தது, கூடவே சோவியத் படையும் வந்து 1955 வரை இருந்தது. “எங்கள் வீட்டுக் கிணறு நகரவே இல்லை, நாடுதான் நகர்ந்துகொண்டே இருந்தது” என்பார் ஓமா.

கிணறு நகரவில்லை, ஆட்கள் நகர்ந்தார்கள். துண்டு துண்டாகப் பிரிந்த நிலம், நிறைய பிள்ளைகள். பூர்கன்லாந்தின் கியூஸிங் வட்டாரத்துக் கிராமங்கள் கும்பல் கும்பலாகச் சிகாகோவுக்கும் லீஹை பள்ளத்தாக்குக்கும் கப்பலேறின. ஓமா 1922-இல், பதினாறு வயதில், அக்காவை நம்பி வந்தார். இரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் வந்திருக்கவே முடியாது. 1924 குடியேற்றச் சட்டம் ஆஸ்திரியா முழுவதற்கும் ஆண்டுக்கு 785 பேர் என்று கதவைச் சாத்திவிட்டது. வந்ததும் சுருட்டு ஆலையில் இரண்டு வருடம் இலை சுருட்டினார். பிறகு சிமென்ட் ஆலைத் தொழிலாளி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். அதோடு ‘வேலை’ முடிந்தது, அரசாங்கத்தின் பதிவேட்டின்படி.

இனி அந்த ‘இல்லத்தரசி’க்கு வருகிறேன். நார்தாம்டனில் இருந்த அட்லஸ் ஆலையின் சிமென்ட்தான் பனாமா கால்வாய்க்கும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கும் போனது. அந்தத் தூளைத் துவைத்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஓமாவின் வீட்டில் கணவர், நான்கு பிள்ளைகள் தவிர, மேல் அறையில் எப்போதும் இரண்டு மூன்று வாடகை ஆட்கள். பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போனால் அதே கட்டிலில் இரவு ஷிப்ட் ஆள் வந்து படுப்பார். எல்லோருக்கும் சாப்பாடு, மதியத்துக்குத் தகர டப்பாவில் கட்டிக்கொடுப்பது, துணி துவைப்பது ஓமாவின் பொறுப்பு. சிமென்ட் படிந்த சட்டையை உதறாமல் தண்ணீரில் போட்டால் விறைத்துப் பலகையாகிவிடுமாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொன்றாக உதறிய பிறகுதான் தொட்டியில் போட வேண்டும். கொடியில் போடும் முன் ஆலைப் பக்கமிருந்து காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் சிமென்ட் கேட்பாரில்லாமல் கணவருக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் வேலை கிடைத்தது. அப்போது குடும்பத்தைக் காப்பாற்றியது மேல் அறை. இந்த வருமானம் எந்த ஓய்வூதியக் கணக்கிலும் ஏறவில்லை. பிற்காலத்தில் அவருக்கு வந்த தொகை கணவரின் கணக்கிலிருந்து விதவைக்கு என்று வந்ததுதான். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் கடுக்கும்.

இன்னொன்று. 1940-இல், 14 வயது நிரம்பிய, குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும் தபால் நிலையம் போய்க் கைரேகை பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. கணவர் குடிமகன், பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். ஆனால் 1922-க்குப் பிறகு கணவரை வைத்து மனைவிக்குக் குடியுரிமை தானாக வராது என்பதால் ஓமா மட்டும் அன்னியர்! “மாவைக் கழுவிவிட்டுப் போனேன், மையைப் பூசி அனுப்பினார்கள்” என்றார். நான்கு வருடம் கழித்து அவருடைய மூத்த மகன் அமெரிக்கச் சீருடையில் ஐரோப்பாவுக்குப் போனார். எதிர்ப்பக்கத்துச் சீருடையில் ஓமாவின் அண்ணன் மகன்கள் இருந்தார்கள். அந்தக் கதையை ஒரே ஒரு முறைதான் சொன்னார். நானும் மறுபடி கேட்கவில்லை.

போர் முடிந்ததும் ஊருக்குப் பார்சல் அனுப்பத் தொடங்கினார். காப்பிக்கொட்டை, பன்றிக் கொழுப்பு, செருப்பு. மேலே துணி சுற்றித் தைப்பார். பிரிப்பவர்களுக்கு அந்தத் துணியும் பயன்பட வேண்டும் என்பதால் நல்ல துணியாகப் பார்த்துத் தைப்பாராம்.

93 வயதிலும் கிறிஸ்துமஸுக்கு முன் ஸ்ட்ரூடல் என்ற மெல்லிய மாவுச் சுருள் பண்டம் செய்தார். சாப்பாட்டு மேஜையில் பூப்போட்ட விரிப்பு, அதன்மேல் மாவு. விரல் நகம் படாமல், மடக்கிய கைகளின் முட்டியால் அடியிலிருந்து இழுத்து இழுத்து, விரிப்பின் பூ மாவின் வழியே தெரியும் வரை மெலிதாக்குவார். எங்கள் ஊர்ப் பரோட்டா மாஸ்டர்களை நினைத்துக்கொண்டு நானும் ஒரு முறை கை வைத்தேன். கிழிந்தது. ஓமா ஒன்றும் சொல்லாமல் எச்சில் தொட்டு ஒட்டினார். யாரிடமும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார்.

அவர் இறந்த பிறகு மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் காட்டினார். மேல் அறைக் கணக்கு. முதல் பக்கங்களில் ஜெர்மன் சொற்கள், ஆனால் எழுத்துக்கூட்டியது ஹங்கேரிய முறையில். பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அதுதானே. போகப் போக ஆங்கிலம் கலக்கிறது. கடைசிப் பக்கத்தில் ‘இந்தியன்’ என்று ஒரு தலைப்பு, கீழே வாரவாரம் நான் கொடுத்த பணம். ஒரே ஒரு வாரத்துக்கு நேரே தொகை இல்லை, சிறு வட்டம் மட்டும். கொடுக்காமல் விட்டதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் எழுபது வருடக் கணக்கில் அவர் எழுதியதைத் தப்பென்று சொல்ல நான் யார்? பர்ஸைத் திறந்தேன்.