மடங்கும் வரிகள் உள்ளே தள்ளி நின்றால் புதிய எடிட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலைக்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். பத்தியை டேப் விசையை அழுத்தித் தொடங்குவது என் வழக்கம். நீண்ட வரிகளைத் திரை அகலத்துக்குள் மடித்துக் காட்டும் ‘வேர்டு ராப்’ வசதியைப் போட்டவுடன் முதல் வரி மட்டுமின்றிப் பத்தி முழுவதுமே உள்ளே தள்ளி நிற்கிறது. பேக்ஸ்பேஸ் விசையாலும் அந்த இடைவெளியை அழிக்க முடியவில்லை. 99 டாலர் கொடுத்து சப்ளைம் டெக்ஸ்ட் என்ற வேறு எடிட்டரை வாங்கும்படி நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். சப்ளைம் டெக்ஸ்டும் மடங்கிய வரிகளை இதே போல உள்ளே தள்ளித்தான் காட்டும். அங்கேயும் அமைப்பை மாற்றினால்தான் அது நிற்கும். பணம் கொடுத்த பிறகு இதே தொல்லையை மறுபடியும் பார்ப்பது எவ்வளவு வருத்தம் தரும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திரையின் இடது ஓரத்தில் உள்ள வரி எண்களைக் கவனியுங்கள். 12 என்ற எண்ணுக்குக் கீழே எண்ணே இல்லாமல் மூன்று வரிகள் நின்றால், அவை நான்கும் சேர்ந்து கோப்பில் ஒரே வரிதான். அகலம் போதாமல் எடிட்டர் அதை மடித்துக் காட்டுகிறது. மடித்த பகுதியை, முதல் வரியில் நீங்கள் வைத்த டேப் இடைவெளிக்கு நேராக நிறுத்துகிறது. நிரல் எழுதுபவர்களுக்கு இது பேருதவி, உரைநடை எழுதுபவர்களுக்கோ இடைஞ்சல். அந்த இடைவெளி கோப்பில் இல்லாததால்தான் பேக்ஸ்பேஸ் விசைக்கு அது அகப்படவில்லை. ஆல்ட் விசையுடன் இசட் விசையை அழுத்தி மடிப்பை நீக்கிப் பார்த்தால் இது உறுதியாகும்.

மாற்றுவதற்கு, கன்ட்ரோல் விசையுடன் கமா விசையை அழுத்தி அமைப்புகளைத் திறந்து, ‘ராப்பிங் இன்டென்ட்’ என்று தேடுங்கள். அங்கே ‘சேம்’ என்றிருப்பதை ‘நன்’ என்று மாற்றினால், முதல் வரி மட்டும் உள்ளே இருக்க, மற்றவை இடது ஓரத்துக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் தனி எண் இருந்தால் கதை வேறு. மின்னஞ்சலிலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ ஒட்டிய உரையில் அப்படி நேர்வதுண்டு. அவை கோப்பிலேயே இருக்கும் உண்மையான இடைவெளிகள் என்பதால், அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டும் டேப்பும் சேர்த்து அழுத்தினால் போதும்.

வேறு வசதிகளுக்காக சப்ளைம் டெக்ஸ்ட் உங்களை ஈர்த்தால், அதன் மதிப்பீட்டுப் பதிப்புக்குக் கால வரம்பு விதிக்கப்படவில்லை என்பதால், உங்கள் கோப்புகளிலேயே சில வாரங்கள் பழகிப் பார்த்துவிட்டு உரிமம் வாங்குங்கள்.