ரெண்டு பந்தும் ஒரே கையில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் கல்லூரியில் பாஸ்கெட்பால், வாலிபால் இரண்டு டீமிலும் ஆடுகிறாள். பின்னாளில் கோச் ஆக வேண்டும் என்கிறாள். ‘ஒன்றை விட்டால்தான் உருப்படுவாய்’ என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். விடச் சொல்லட்டுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: எனக்கு இந்த ‘உருப்படுவாய்’ பேச்சே ஆகாது. தேசிய டீமில் இடம் பிடிப்பதுதான் குறி என்றால் ஒருநாள் ஒன்றை விடத்தான் வேண்டும். கோச் ஆவதற்கு அந்த அவசரம் இல்லை.

அமெரிக்காவில் ஜோடி கான்ராட் என்றொரு கோச் அம்மா. டெக்ஸஸில் கோல்ட்த்வெயிட் என்ற சின்ன ஊர்க்காரர். 1969இல் சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கோச்சாகச் சேர்ந்தபோது பாஸ்கெட்பால், வாலிபால், தடகளம் மூன்றும் அவர் தலையில். 1976இல் ஆஸ்டினுக்கு, டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோதும் பாஸ்கெட்பாலோடு வாலிபாலைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் டீமுக்கெல்லாம் தனித்தனிச் சம்பளமா என்ற கணக்கு அது. 1986இல் அவருடைய பாஸ்கெட்பால் டீம் 34 மேட்ச் ஆடி, 34-லும் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. என்.சி.ஏ.ஏ. என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு பெண்களுக்கு நடத்தும் போட்டியில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வாங்கிய முதல் டீம் அதுதான். ஃபைனலில் எதிரே நின்றவர் யார் தெரியுமா? தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரி ஷெரில் மில்லர்!

நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள், பார்த்ததைச் சொல்கிறேன். வாலிபாலில் பந்தை ஓங்கி அடிக்க வரும் ஸ்பைக்கரின் தோளைப் பார்த்து, நேரம் கணித்து, அதைத் தடுக்கும் பிளாக்குக்கு எம்புகிற பெண்ணுக்கு, பாஸ்கெட்பாலில் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டு எடுக்கப் பாதி சொல்லித்தந்தால் போதும். மீதி அவளே எடுத்துக்கொள்வாள். வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. அடுத்தவள் எங்கே நிற்கிறாள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கோச்சுக்கு வேண்டிய கண் அதுதானே!

கேள்வி: எனக்கு 21 வயது. ஜூனியர் டீமுக்குப் பயிற்சி தரச் சொல்கிறார்கள். என் வயதுப் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்பார்களா? (மாணவி, திருச்சி)

பதில்: கேட்பார்கள் அம்மா. அமெரிக்காவின் பாட் சம்மிட் 1974இல் டென்னஸி பல்கலைக்கழகப் பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்குத் தலைமை கோச் ஆனபோது 22 வயது. டீமில் சிலர் அவரைவிட ஓரிரு வயதுதான் இளையவர்கள். மாதம் 250 டாலர் சம்பளம். வேன் ஓட்டுவதும் ஜெர்ஸி துவைப்பதும் அவரே. அந்த ஜெர்ஸியும் டோனட் விற்ற காசில் வாங்கியதுதான். அப்போது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க டீமுக்கு வெள்ளி வாங்கித் தந்தவர்களில் ஒருவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் அதே டீமுக்கு கோச், இந்த முறை தங்கம். 38 சீசன்களில் 1098 வெற்றி, 8 தேசியப் பட்டம். ஆண்கள் டீமை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டபோது மறுத்துவிட்டார். பெண்கள் டீமிலிருந்து அங்கே போவது எப்படிப் பதவி உயர்வாகும் என்று கேட்டாராம். சரியான கேள்வி.

முதல் வாரம் நீ கத்தாதே. வலை கட்ட, பந்து பொறுக்க நீயும் சேர்ந்து நில்.

கேள்வி: மகள் எப்போதும் குதித்து ஆடினால் முட்டி போய்விடும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். உண்மையா? (வாசகி, மதுரை)

பதில்: பாதி உண்மை. பெண்களுக்கு முட்டியின் முன் சிலுவைத் தசைநார் (மூட்டு நழுவாமல் பிடித்துவைக்கும் நார், ஏ.சி.எல். என்பார்கள்) கிழிவது, அதே ஆட்டம் ஆடும் ஆண்களைவிட அதிகம். சம்மிட்டுக்கே கல்லூரிக் கடைசி வருடத்தில் அது கிழிந்தது, அப்புறம்தான் ஒலிம்பிக் போனார். குதிப்பதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். இரண்டு பாதமும் ஊன்றி, முட்டியை மடக்கி, அது உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழக வேண்டும். தொடைக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள் வேண்டும். முட்டி வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் மேட்ச் ஆட விடாதீர்கள், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.