சிம்பல்காரர் காத்திருக்கிறார்

அன்புள்ள ஐயா,

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியதிலிருந்து எனக்கும் இந்த இசையைக் கேட்கவேண்டும் என்று ஆசை. வீட்டில் 65 அங்குல டிவியும் சவுண்ட்பாரும் வாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் தூங்கியபின் பீத்தோவன், டிவோர்ஷாக் என்று யூடியூப்பில் கச்சேரிகள் பார்க்கிறேன். மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியில் கண் செருகுகிறது. அதனால் அதையும், நடுவில் வரும் இருமல், இடைவெளி எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்க்கிறேன். ப்ளூரே தட்டு வாங்குவது அவசியமா? கராயனா, பெர்ன்ஸ்டைனா, யாருடைய கச்சேரியைப் பார்க்கலாம்? ஸ்வரம்கூடத் தெரியாத என்னைப் போன்றவனுக்கு இதில் என்ன புரிந்துவிடப் போகிறது?

க., பட்டர்வொர்த்

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அதே வாரம் செந்தூலில் ஒரு வீட்டைக் காலி செய்யக் கைகொடுக்கப் போயிருந்தேன். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் வீடு. அவர் போய்ப் பல வருடமாகிறது, இப்போது மகள் வீட்டை விற்கிறார். அலமாரியின் அடித்தட்டில் அவருடைய லேசர் டிஸ்க்குகள் அப்படியே இருந்தன. கச்சேரி வீடியோக்கள் பதிந்த, எல்பி ரெக்கார்டு அளவுக்குப் பெரிய வெள்ளி நிறத் தட்டுகள். இரண்டு நாளாக அவர் நினைப்பாகவே இருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'என்னைப் போன்றவனுக்கு' என்று இனி யாருக்கும் எழுதாதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் உறுமி முழங்கும்போது உங்களுக்கு உடம்பு சிலிர்த்ததில்லையா? அப்போது யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா? உங்கள் காது உங்களுடையது தம்பி, அதை யாரிடமும் அடகு வைக்காதீர்கள்.

ப்ளூரே வாங்கினால் ஒலி நன்றாக இருக்கும், வாங்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 2009 முதல் தன் கச்சேரிகளை இணையத்தில் நேரலையாகவே கொடுக்கிறது, கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சவுண்ட்பாரில் இரவு நேரத்துக்கென்று ஒரு வசதி இருந்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். அது மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். சிம்பொனியின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

கராயனா, பெர்ன்ஸ்டைனா? இருவருமே இசைக்குழுவை முன்னே நின்று கையசைத்து வழிநடத்திய நடத்துநர்கள், இரண்டு பேரையும் பாருங்கள். கராயன் தன் படங்கள் பலவற்றில் இசையை முதலில் பதிவு செய்துகொண்டு, பிறகு காமிராவுக்காகத் தனியாக வாசிக்க வைத்தார். அதனால் எல்லாம் சிலை மாதிரி அழகாக இருக்கும். மூடிய கண்கள், மெல்ல அசையும் கைகள், வரிசை வரிசையாக வயலின் வில்கள். பெர்ன்ஸ்டைன் 1970களில் வியன்னா பில்ஹார்மோனிக்குடன் எடுத்த, மாலர் என்ற இசையமைப்பாளரின் சிம்பொனிப் படங்களில் வியர்வை சொட்டும். ஆனால் இரண்டு பேரின் படங்களிலும் எனக்குள்ள குறை ஒன்றுதான். யார் வாசிக்கிறார்களோ அவர்களிடம் காமிரா ஓடிப்போய் நின்றுகொள்கிறது, இல்லாவிட்டால் நடத்துநர் முகத்துக்குத் திரும்பிவிடுகிறது. வாசிக்காமல் உட்கார்ந்திருப்பவரை யாரும் காட்டுவதில்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்தச் செந்தூல் பெரியவர். ஞாயிறு காலை பசியாறிவிட்டுப் போனால், புதுத் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு டிவி மேல் ஒரு துண்டை விரித்து மூடிவிடுவார். "முதல்ல காது, அப்புறம் கண்ணு." முழுவதும் கேட்டபிறகுதான் துண்டை எடுப்பார், மறுபடியும் முதலிலிருந்து. மாலரின் ஒன்பதாவது சிம்பொனி 80 நிமிடம் ஓடும், லேசர் டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம்தான் கொள்ளும். நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போடும்போதுகூட எங்களைப் பேச விடமாட்டார்.

நீங்கள் டிவோர்ஷாக் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய அவருடைய ஒன்பதாவதாகத்தான் இருக்கும், எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள். அதில் டியூபா வாசிப்பவருக்கு எப்போது வேலை தெரியுமா? இரண்டாம் பகுதியில் மட்டும். அதுவும் கனமாக இறங்கி வரும் சில சுரங்கள்தான். அந்தப் பெரிய பித்தளைக் குழலை மடியில் வைத்துக்கொண்டு மீதி நேரம் முழுவதும் அவர் உட்கார்ந்திருக்கிறார். கண் செருகுகிறது என்று நீங்கள் தள்ளிவிட்டது அந்த இரண்டாம் பகுதியைத்தான். அந்த மனிதர் அன்று வாசித்த அத்தனையையும் தள்ளிவிட்டீர்கள்.

சிம்பல், அதாவது ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும் இரண்டு உலோகத் தட்டுகள், அதன் கதை இன்னும் மோசம். முக்கால் மணி நேரம் ஓடும் அந்த சிம்பொனியில் சிம்பலுக்கு ஒரே ஒரு அடிதான். கடைசிப் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் வரும். ஓங்கி அடிப்பதும் இல்லை, காற்றில் பட்டுத்துணி உரசினாற்போல ஓர் ஒலி, உடனே கிளாரினெட் பாடத் தொடங்கிவிடும். பெரியவரின் லேசர் டிஸ்க்கில் அந்த இடத்தில் காமிரா நடத்துநரின் நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தது. "பாவி, அவனக் காட்டமாட்டேங்கிறானே" என்று ஒவ்வொரு தடவையும் பெரியவர் அங்கலாய்ப்பார். மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கும், ஆனால் அவர் சிரிக்கமாட்டார்.

1998இல் இரட்டைக் கோபுரத்தின் கீழே பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம் திறந்தபிறகு ஒரு சனிக்கிழமை அவரை அங்கே அழைத்துப் போனேன். அதே டிவோர்ஷாக். நீளக்கை பாத்தேக் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு வந்தார். பக்கவாட்டு மேல்மாடியில் இடம். அங்கிருந்து பார்த்தால் பின்வரிசைத் தாள வாத்தியங்கள் நேராகத் தெரியும். மூன்றாம் பகுதியில் டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பியை வாசித்தவரே சிம்பலுக்கும் எழுந்தார். அடிக்கு வெகு முன்பே இரண்டு தட்டுகளையும் கையில் எடுத்துவிட்டார். ஒன்றை ஒன்று தொடாமல், மார்புக்கு நேரே பிடித்தபடி, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். அடித்ததும் தட்டுகளை அப்படியே சட்டையோடு அணைத்து ஒலியை அடக்கி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெத்தை வைத்த தாங்கியில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் பத்து நிமிடம் சும்மாவே இருந்தார். பெரியவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார், கைதட்டல் முடியும்வரை விடவில்லை. நாற்பது வருடம் பட்டறையில் நின்றவருக்கு அந்த ஆள் யாரென்று தெரிந்திருக்கிறது.

பீத்தோவனின் ஐந்தாவதிலும் இதே கதைதான். டிரம்போன் என்ற பித்தளைக் குழல் வாசிப்பவர்கள் மூன்று பகுதி முடியும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள், நாலாவதில்தான் எழும்புவார்கள். கூடவே காத்திருந்தவனுக்குத்தான் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும். நேரே நாலாம் பகுதிக்குத் தாவியவனுக்கு அது வெறும் சத்தம். இடைவெளியையும் வெட்டுகிறேன் என்கிறீர்களே, லூசெர்ன் நகரில் 2010இல் அபாடோ நடத்திய மாலர் ஒன்பதாவதைப் பாருங்கள். கடைசிச் சுரம் அடங்கியபின் இரண்டு நிமிடத்துக்கு மேல் அரங்கமே மூச்சு விடாமல் இருக்கிறது. உங்கள் கட்டைவிரல் அதையும் தள்ளிவிடும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தூக்கம் வந்தால் தூங்குங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை, மறுநாள் விட்ட இடத்திலிருந்து கேளுங்கள். ரிமோட்டை மட்டும் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

பெரியவரின் தட்டுகளை மகள் என்னிடமே கொடுத்துவிட்டார். போட்டுப் பார்க்க என்னிடம் கருவி இல்லை.

சரி, இந்த வாரம் அதே டிவோர்ஷாக்கை ஒரு தடவை டிவியைத் துண்டால் மூடிவிட்டு முழுவதும் கேளுங்கள். அப்புறம் துண்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். சிம்பல் ஒலிக்கும் அந்த நொடியில் உங்கள் வீடியோவில் யாரைக் காட்டுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.