இகத்புரியும் ஒரு ஒத்தைத் தலைவலியும்

கேள்வி: எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் மகாராஷ்டிராவுல இகத்புரிங்கற ஊருக்குப் போய் 10 நாள் வாயே திறக்காம விபாசனா தியானம் கத்துக்கிட்டு வந்திருக்காங்க. காசே வாங்கலியாம். யார் ஆரம்பிச்ச சென்டர் அது? எனக்குப் பல வருஷமா ஒத்தைத் தலைவலி, போனா சரியாகுமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: நல்ல ஆளைத்தான் கேட்டீங்க மேடம், அந்த சென்டரோட கதையே ஒத்தைத் தலைவலியிலதான் ஆரம்பிக்குது.

அதை ஆரம்பிச்ச எஸ்.என்.கோயங்கா 1924ல பர்மாவுல மண்டலேயில பொறந்தவர், மார்வாடி வியாபாரக் குடும்பம், சின்ன வயசுலயே நல்ல சம்பாத்தியம், ஆனா மார்ஃபின் ஊசி போடுற அளவுக்குத் தலைவலி, வெளிநாட்டு டாக்டருங்க பார்த்தும் ஒண்ணும் நடக்கல. 1955ல ரங்கூன்ல ஊ பா கின் கிட்ட போய்ச் சேர்றாரு. இந்த ஊ பா கின் துறவி கிடையாது, குடும்பஸ்தர், சுதந்திர பர்மாவோட முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல்! கணக்கு ஆபீஸையும் பார்த்துக்கிட்டு தியானமும் சொல்லிக்குடுத்தவரு. தலைவலிக்காக வந்தேன்னதும், அப்படின்னா வேணாம், மனசைச் சுத்தம் பண்ணணும்னா வாங்கன்னுட்டாரு. தலைவலி போச்சுன்னா அது கொசுறு.

14 வருஷம் அவர்கிட்ட பழகிட்டு 1969ல கோயங்கா இந்தியா வந்தாரு, இங்க இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு. குருவுக்கோ இந்தப் பயணத்துல வேற ஒரு கணக்கு. புத்தர் சொல்லிக்குடுத்தது இந்தியாவுல இருந்துதான் பர்மாவுக்கு வந்துச்சு, அந்தக் கடனைத் திருப்பிக் கட்டணும்னு ரொம்ப நாளா நினைச்சவரு அவரு. அக்கவுண்டன்ட் இல்லையா, பாக்கி வைக்க மனசு வரல போல!

பம்பாயில ஒரு தர்மசாலாவுல ஜூலை மாசம் முதல் கோர்ஸ், மொத்தமே 14 பேரு, அதுல அவரோட அப்பா அம்மாவும் அடக்கம். அப்புறம் சில வருஷம் சொந்த இடமே இல்லாம, ஊர் ஊரா எங்க இடம் கிடைக்குதோ அங்க கோர்ஸ். கடைசியில நாசிக் மாவட்டத்துல, மும்பையில இருந்து ரயில் மலை ஏறி வர்ற இகத்புரியில நிலம் வாங்கி, 1976ல கோர்ஸ் ஆரம்பிச்சாங்க. பேரு தம்மகிரி. நடுவுல பர்மா மாதிரியே தங்கக் கலர்ல பகோடா (திங்கறது இல்ல, புத்தக் கோபுரம்), உள்ள ஒரு ஆள் உட்கார்ற சின்னச் சின்ன ரூம். 1994ல திகார் ஜெயில்ல ஆயிரம் கைதிகளுக்கு மேல ஒரே கோர்ஸ்ல உட்கார வச்சதுக்கப்புறம் நாடு முழுக்க பேசுனாங்க. கோயங்கா 2013ல காலமாயிட்டாரு, இன்னிக்கும் எல்லா சென்டர்லயும் அவரு பேசுன ரெக்கார்டிங் தான் ஓடுது.

காசு வாங்காததும் நிஜம்தான். ஒரு கோர்ஸ் முடிச்சவங்க கிட்ட மட்டும்தான் டொனேஷன் வாங்குவாங்க, அதனால நீங்க சாப்பிடுற சோறு உங்களுக்கு முன்னாடி போனவங்க போட்டது, நீங்க குடுத்தா அது அடுத்து வர்றவங்களுக்கு.

தியானம் பண்ண அவ்ளோ தூரம் போக வேணாம், சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்துலயே தம்ம சேதுன்னு சென்டர் இருக்கு. அங்கயும் காலையில 4 மணிக்கு மணி அடிச்சு எழுப்பிருவாங்க, எனக்கெல்லாம் பேசாம இருக்கறதைவிட அதுதான் பயம். தலைவலிக்கு முதல்ல டாக்டரைப் பாருங்க. அப்ளிகேஷன்ல உடம்புக்கு என்ன, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேப்பாங்க, ஒண்ணும் மறைக்காம எழுதிருங்க.